மனை எண் பூஜ்யம்

வியாழக்கிழமை மத்தியானம் சோற்றில் கை வைத்த நேரத்தில் குடவாசலிலிருந்து தாவூது பாயின் மனைவி மெஹருன்னிசா அழைத்தார். "வசந்தாக்கா, அவங்க மவுத்தாயிட்டாங்கக்கா" என்றார். காலையில் டீ குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டாராம். நான் போய்ச் சேர்வதற்குள் அஸர் தொழுகை முடிந்து ஜனாஸா கிளம்பிவிட்டது. அடக்கம் செய்துவிட்டு மையத்தாங்கரையிலிருந்து ஆண்கள் கையில் மண்ணோடு திரும்பி வந்ததைத்தான் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை பதினொரு மணிக்கு என் போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அனுப்பியவர் பெயர் தாவூது பாய். "நகல் எழுந்தது. எல்லாரும் இருக்காங்க."

நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவளுக்கு உயிரோடு இருக்கிறவர்களே போதும் போதும் என்றாகிவிடும். அந்தச் செய்தியை அனுப்பியது யார், எப்படி அனுப்பியது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் போனைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். திரும்பி வந்து பார்க்க அரைமணி நேரம் ஆயிற்று.

இந்த நினைவு மலரைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அவர் கையால் சிட்டா வாங்கியவர்கள். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். ஷேக் தாவூது நாகப்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் ஒரு கம்பெனியில் கணினி பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். எங்கள் தாலுகாவின் நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றிய காலத்தில் ஒப்பந்த ஊழியராக வந்து சேர்ந்தார். நான் அங்கே உதவியாளர். ஒரே வயது, ஒரே சர்க்கரை வியாதி, ஆனால் அவர் மட்டும் தினமும் இரண்டு ஜிலேபி சாப்பிடுவார். "மாத்திரை இருக்குல்ல மேடம்" என்பார். கட்சிக்காரர்கள், மிராசுகள், கூலிக்காரர்கள், யார் வந்து கவுண்டரில் நின்றாலும் அவருக்கு ஒரே குரல்தான்.

அவரிடம் "ஃபைல் இருக்குங்க" என்று யாராவது சொன்னால் உடனே கேட்பார்: "பாத்தீங்களா?" சொன்னவர் முழிப்பார். "இருக்குன்னு சொல்றது வேற, பாத்தேன்னு சொல்றது வேற" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் போய்ப் பார்த்து வருகிறவரைக்கும் காத்திருப்பார். எரிச்சலாக வரும். எனக்கே வந்திருக்கிறது. ஆனால் அவர் பிறவியிலேயே அப்படி இல்லை. ஒரு மார்கழி மாதம்தான் அவரை அப்படி ஆக்கியது.

அதைச் சொல்ல எங்கள் கீழத்தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயல் வேலை செய்கிறவர்கள் குடியிருந்த மனை அவர்களுக்கே என்று சட்டம் வந்த பிறகு எங்கள் தெருவில் எண்பத்திரண்டு குடும்பங்களுக்கு மனைப்பட்டா கிடைத்தது. அதற்கு முன்னால், கூலியை உயர்த்திக் கேட்டதற்காகப் பண்ணை ஆட்களிடம் அடி வாங்கிக் கால் போனவர் என் அப்பா. பட்டா வந்த அன்று என் அம்மா அஞ்சலை வாசலில் நின்று, "இனிமே எவனும் நம்மள இங்கேருந்து எந்திரின்னு சொல்ல முடியாது" என்றாளாம். எவனும் சொல்லவில்லை, இருபது வருஷத்துக்கு. பிறகு பண்ணை வாரிசுகள் சொன்னார்கள், கோர்ட் வழியாக. அது தெருவே இல்லை, எங்கள் களமும் தோப்பும் என்றார்கள். மக்கள் கையில் இருந்த பட்டாக்களில் பாதி கூரையோடு எரிந்தும் மழையில் கரைந்தும் போயிருந்தன. மீதியைப் போலி என்றார்கள். தாலுகாவின் மூலப் பதிவேடோ ஒரு வெள்ளத்தில் நனைந்து கட்டிதட்டிப்போயிருந்தது. பக்கத்தைப் பிரித்தால் எழுத்து எதிர்ப்பக்கத்தோடு உரிந்து போனது. ஆக, கணினியில் ஏற்றி வைத்திருந்ததுதான் மிச்சம். அதன் சான்றிட்ட நகலைத் திங்கட்கிழமை கோர்ட்டில் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை, கணினிக்குள்ளிருந்து தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

"ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு. ஒண்ணும் பயப்படாதீங்க மேடம், வாராவாரம் சிடில எடுத்து வச்சிருக்கேன்" என்றார் பாய். பீரோவைத் திறந்து கடைசி வாரத்து சிடியை எடுத்து இன்னொரு பழைய கணினியில் போட்டார். காலி. அதற்கு முந்தின வாரம். காலி. ஒவ்வொன்றாக இருபது சிடிக்கு மேல் போட்டுப் பார்த்தோம். எல்லாவற்றின் மேலும் அவருடைய அழகான கையெழுத்தில் தேதி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஆடி மாதம் கணினியில் புது டிஸ்க் மாட்டியபோது பதிவுகள் அதற்கு மாறிவிட்டன. நகல் எடுக்கிற நிரல் மட்டும் பழைய, வெறும் இடத்தையே அக்கறையாக நகல் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஐந்து மாதமாக ஆளில்லாத வீட்டுக்குக் காவல் இருந்திருக்கிறோம். பாய் நாற்காலியில் உட்கார்ந்தவர் அன்றைக்கு ஜும்ஆ தொழுகைக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

"ஆடிக்கு முன்னால எடுத்ததெல்லாம் எங்க பாய்?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தார். "பழசுதானேன்னு கலியமூர்த்திக்குக் குடுத்துட்டேன்."

கலியமூர்த்தி எங்கள் அலுவலக உதவியாளர். சுடுகாட்டு வாய்க்கால் ஓரத்தில் அவருக்கு ஒரு மா நிலம் இருந்தது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் குருவி இறங்காமல் இருக்க நம் ஊரில் பளபளப்பாக எதையாவது கட்டித் தொங்கவிடுவது வழக்கம். "தகதகன்னு இருக்கு பாய், வயலுக்கு எடுத்துக்கவா?" என்று கேட்டிருக்கிறார். தாலுகாவின் மொத்த நிலமும் மொத்தப் பெயர்களும் அடங்கிய எட்டு சிடிகளைப் பாய் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறார். கொடுத்துவிட்டு, தேதி புதிதாக இருந்த வெறும் தகடுகளைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.

சனிக்கிழமை காலை மூவரும் அந்த வயலுக்குப் போனோம். விடிந்து வெகுநேரமாகியும் பனி விலகவில்லை. வரப்பு தெரிந்தது, வயல் தெரியவில்லை. பனிக்குள்ளே அங்கங்கே ஒரு வெளிச்சம் திரும்பும், அணையும், மறுபடி திரும்பும். காற்றே இல்லை. காற்றில்லாமல் அவை எப்படித் திரும்பின என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நூலின் முறுக்கு என்று பாய் பிற்பாடு சொன்னார்.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க" என்றார் கலியமூர்த்தி. "இதக் கட்டுனதுலேருந்து குருவி எறங்கல, சரி. கொக்கும் எறங்கல. எலிகூட வரல. என் வீட்டுக்காரி களையெடுக்க வரமாட்டேங்குறா. வயலு நெறைய ஆளுங்க நிக்கிற மாதிரி இருக்குதாம்."

யாரும் சிரிக்கவில்லை. பாய் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினார். ஒவ்வொரு குச்சியாக அவிழ்த்து, சட்டையில் துடைத்து, என்னிடம் நீட்டினார். ஏழு சிடிகள் வெயிலிலும் பனியிலும் வெளுத்துப்போய், குச்சியில் உரசி உரசிக் கீறல் விழுந்து கிடந்தன. சுடுகாட்டுக்கு நேர் எதிரே வேப்பமர நிழலில் தொங்கிய எட்டாவது மட்டும் அப்படியே இருந்தது. அதன் மேல் ஆடி மாதத்துத் தேதி. நிழலில் கிடந்ததால் தப்பியது. காரணம் அவ்வளவுதான். ஆனால் கலியமூர்த்தி அந்த மரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். பாய் உதட்டுக்குள் ஏதோ ஓதினார்.

அலுவலகத்துக்கு வந்ததும் அந்த சிடியைப் போட்டுவிட்டு, "எழுப்புறேன்" என்றார். ரீஸ்டோர் என்று எல்லோரும் சொல்வதை அவர் அப்படித்தான் சொல்வார். பெயர்கள் வரிசையாகத் திரையில் ஏறின. ஆடி மாதத்து ஊர் அப்படியே எழுந்து நின்றது. நிலத்தை விற்றவர்கள் விற்காதவர்களாக, பிரிந்த பங்காளிகள் ஒன்றாக, செத்தவர்கள் சாகாதவர்களாக. ஆடிக்குப் பிறகு எங்கள் தெருவில் மட்டும் நான்கு பேர் இறந்திருந்தார்கள். காத்தான், பக்கிரி, ரத்தினம்மாள். நாலாவது என் அம்மா. புரட்டாசியில் அவளை அதே வாய்க்கால் கரையில்தான் எரித்தோம். அவள் பெயரை நீக்கி வாரிசுப் பெயர் சேர்த்த மாறுதலும் ஐப்பசியிலேயே முடிந்திருந்தது.

அச்சு சரியாக வருகிறதா என்று பார்க்கப் பாய் ஏதோ ஒரு வரியைத் தட்டினார். வந்து விழுந்த தாளை எடுத்தேன். அஞ்சலை, கணவர் பெயர் முருகையன், மனை எண் முப்பத்தொன்று. தாள் வெதுவெதுப்பாக இருந்தது. அச்சுப்பொறியிலிருந்து வரும் தாள் அப்படித்தான் இருக்கும், ஆயிரம் தாளைத் தொட்டிருக்கிறேன். ஆனாலும் அந்தச் சூடு ஆறுகிறவரைக்கும் அதைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் எங்கள் தெருவின் மாறுதல் மனுக்களைத் தேடியெடுத்து மறுபடி பதிந்தோம். தாசில்தார் எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சரிபார்த்துக் கையெழுத்திட்டார். ஒவ்வொரு பெயரை நீக்குவதற்கு முன்னாலும் பாய் அதை வாய்விட்டுப் படித்தார். பிறகு மெல்லிய குரலில், "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்றார். மவுத்துச் செய்தி கேட்டால் அவர்கள் சொல்வது. காத்தானுக்கும் சொன்னார், பக்கிரிக்கும் சொன்னார். நான்காவது மனு வந்ததும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "நான் பண்ணவா மேடம், நீங்க பண்றீங்களா?"

அப்போது ஒரு வார்த்தை சொன்னேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. "இவ மட்டும் இருக்கட்டுமே பாய். யாருக்கு என்ன நஷ்டம்?" தாசில்தார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாய்க்குக் கோபம் வரவில்லை. "செத்துப்போன ஒருத்தங்கள நாம இருக்காங்கன்னு காட்டுனா, அந்த வக்கீலு அந்த ஒரு பேரத் தூக்கிப் புடிச்சு மிச்ச எம்பத்தியொரு வீட்டையும் பொய்யும்பான் மேடம். ஒங்கம்மா அதுக்கு ஒத்துக்குவாங்களா?"

ஒத்துக்கொள்ள மாட்டாள். நானே தட்டினேன். புரட்டாசியில் அழாத அழுகையை அன்றைக்கு அழுதேன். திங்கட்கிழமை எண்பத்திரண்டு பெயர்களும் கோர்ட்டுக்குப் போயின. எதிர்த்தரப்பு வக்கீல் நான்கு இறப்புகளையும் வரிசையாகக் கேட்டார். நான்கும் சரியாக இருந்தன. வழக்கு அப்புறமும் சில வருஷம் இழுத்தது, ஆனால் தெரு அங்கேயேதான் இருக்கிறது. நேற்றுகூட அங்கே ஒரு வளைகாப்பு நடந்தது.

அந்த மார்கழிக்குப் பிறகு பாய் வேறு ஆள். பதிவுகள் எல்லாம் தலைநகரத்துக் கணினிக்குப் போய், அவருடைய ஒப்பந்தமும் முடிந்தது. கணக்கு தீர்ந்தது என்று போயிருக்கலாம். அவரோ கீழத்தெருச் சங்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஒங்க தெருவுக்குன்னு ஒரு பட்டியல் இருக்கணும்" என்றார். பட்டா நகல், தீர்ப்பு நகல், பிறப்பு, இறப்பு, வாரிசு எல்லாவற்றையும் சங்கம் கூடி ஒப்புக்கொண்டு அவரிடம் கொடுத்தது. ஒரு பிரதி தெருவில் என் வீட்டில். இன்னொன்று நாகப்பட்டினத்தில் அவர் வீட்டில் இருந்தது. கடல் ஊருக்குள் வந்த வருஷத்துக்குப் பிறகு அதைக் கடல் எட்டாத இடம் என்று மாமனார் ஊரான குடவாசலுக்குக் கொண்டுபோனார், கூடவே குடும்பத்தையும். "எழுப்பிப் பாக்காத நகல் மூடுன குழி மாதிரி மேடம், உள்ள என்ன இருக்குன்னு எவனுக்குத் தெரியும்" என்பார். அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்கு முன்னால் நகலை இன்னொரு வெற்றுக் கணினியில் எழுப்பிப் பார்ப்பார். சரியாக இருந்தால் பதினொரு மணிக்கு எனக்கு அந்த இரண்டு வாக்கியம் வரும். கை வலி வந்த பிறகு முழுவதையும் கணினியே செய்யும்படி எழுதிவைத்து, அதில் தன்னுடைய பழைய சிம்மையும் செருகிவிட்டார்.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. பட்டியலின் தலையில், முதல் வீட்டுக்கும் முன்னால், ஒரு வரி சேர்த்திருந்தார். மனை எண் பூஜ்யம், தாவூது, இருக்கிறார். நகல் எடுப்பதற்கு முன்னால் கணினி அந்த வரியில் அன்றைய தேதியைப் புதிதாக எழுதும். எழுப்பிய நகலில் முதல் வேலையாக அந்த வரியைத் தேடும். அன்றைய தேதியோடு "தாவூது, இருக்கிறார்" என்று இருந்தால் நகல் உயிரோடு இருக்கிறது. இல்லையென்றால் நாம் மறுபடியும் வெறும் தகட்டைக் காவல் காக்கிறோம். "எங்க தெருவுல மனை வேணும்னா கேக்குறதுதானே பாய்" என்று கிண்டல் செய்தேன். "பூஜ்யம் நம்பர் மனை மேல எவன் கேஸ் போடுவான்? அதான் நான் எடுத்துக்கிட்டேன்" என்றார்.

அவரை அடக்கம் செய்த மறுநாள் எனக்குச் செய்தி அனுப்பியது அந்தக் கணினிதான். மையத்தாங்கரையில் மண் ஈரம் காயாத நேரத்தில் அது தாவூது இருக்கிறார் என்ற வரியில் வெள்ளிக்கிழமைத் தேதியைப் போட்டு, தேடிப் பார்த்து, கண்டும் பிடித்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை குடவாசல் போனேன். மெஹருன்னிசா இத்தாவில் இருக்கிறார், நான்கு மாதம் பத்து நாள் வெளியே வர மாட்டார். நான் நுழைந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த ரூம்ல போன வாரம் கம்ப்யூட்டரு தானா கெளம்புச்சுக்கா. அவங்க நாக்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தா வர்ற சத்தம். நான் ஓதிக்கிட்டிருந்தவ, 'ஜும்ஆவுக்கு நேரமாச்சுங்க'ன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறந்தான் அவங்க இல்லேங்குற நெனப்பு வந்துச்சு." பிறகு மெதுவாகக் கேட்டார். "அந்தப் பேரையாவது எடுத்துருங்கக்கா. மவுத்தானவங்கள இருக்காங்கன்னு எழுதறது பாவமில்லையா?"

நியாயம்தான். என் அம்மாவுக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயமா? அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். பூஜ்யம் எண் வரியைத் திறந்தேன். பெயரை வாய்விட்டுப் படித்தேன். அவர் சொல்லும் அந்த வாக்கியத்தை எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன், தப்பான இடங்களை மெஹருன்னிசா அறை வாசலில் நின்று திருத்தினார். "இருக்கிறார்" என்பதை "இறந்தார்" என்று மாற்றினேன். பதினொரு மணிக்குக் கணினி தானாகக் கிளம்பியது. நகல் எடுத்தது, எழுப்பியது, தேடியது. என் கையிலிருந்த போன் ஒலித்தது. அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட வராத, அவர் எப்போதோ எழுதிவைத்துவிட்டு என்னிடம் சொல்லாமலே போன ஒரு செய்தி.

"நகல் எழவில்லை. யாரும் இல்லை."

எண்பத்திரண்டு வீடும் உள்ளே பத்திரமாகத்தான் இருந்தன, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆனால் அவர் இல்லாத பட்டியலைப் பட்டியல் என்று ஒப்புக்கொள்ள அந்தக் கணினிக்குத் தெரியவில்லை. போனை மெஹருன்னிசாவிடம் நீட்டினேன். இரண்டு வாக்கியத்தையும் திரும்பத் திரும்பப் படித்தார். தெரு முழுக்க ஜும்ஆ பாங்கு ஒலித்து ஓய்ந்தது.

"மாத்திருங்கக்கா" என்றார். "அவங்க இருக்கட்டும். இங்க வேணாம், ஒங்க தெருவுல இருக்கட்டும்."

அவருடைய கணினி இப்போது கீழத்தெருச் சங்கக் கட்டடத்தில் ஓடுகிறது. இன்னொரு பிரதி கடல் எட்டாத வேறொரு வீட்டில். அந்த வரியை அவருடைய பெயர் இல்லாமல் எழுதித் தர ஆள் உண்டு, ஒரு நாள் வேலை. வேண்டாம் என்று சங்கம் சொல்லிவிட்டது, நானும் சொல்லிவிட்டேன். அம்மாவின் பெயரை என் கையால் எடுத்தவள் நான். தாவூது பாயிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வரியும், வெள்ளிக்கிழமை பதினொரு மணியும்தான். யாரும் வழக்குப் போட முடியாத மனையில், எண்பத்திரண்டு வீட்டுக்கும் முன்னால் அவர் நிற்கிறார்.

போன வெள்ளிக்கிழமை செய்தி வந்ததும் மெஹருன்னிசாவுக்குப் போனில் எழுதி அனுப்பினேன். நகல் எழுந்தது, எல்லாரும் இருக்காங்க, அவங்களும்தான் என்று. சற்று நேரம் கழித்து அவரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"பாத்தீங்களா?"

செருப்பைப் போட்டுக்கொண்டு சங்கக் கட்டடத்துக்கு நடந்தேன். எழுப்பிய நகலைத் திறந்து முதல் வரியைப் படித்தேன். பிறகு பதில் எழுதினேன்: "பாத்தேன்."